சாட்டி மணலில் விரித்த சாதாழை

நீர் பொய் எழுதியிருக்கிறீர். கொழும்பிலிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில், உமது படமும் போட்டு, அரைப் பக்கத்துக்குப் பொய் எழுதியிருக்கிறீர். தீவுப் பகுதிப் பாடசாலை ஒன்றின் பிள்ளைகள் கடற்கரையில் பெரிய சதுரம் ஒன்று அமைத்தார்களாம். விண்ணில் போன செய்மதி அதைப் படம் எடுத்ததாம். அந்தப் படத்தை நீர் அவர்களுக்கு அனுப்பிவைத்தீராம். அதைக் கண்டு பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்களாம்.

அந்தப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். படம் வரவில்லை. ஒரு பிள்ளையும் துள்ளவில்லை.

உமக்கு "நீங்கள்" போட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. முன்பு போட்டுத்தான் எழுதினேன். ஐந்து கடிதம் எழுதினேன். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. இனி இப்படித்தான்.

யாழ்ப்பாணத்துக்குப் பத்திரிகை ஒழுங்காக வருவதில்லை என்று உமக்குத் தெரியும். அதனால்தான் துணிந்து எழுதினீர் போலும். ஆனால் கிளாலிக் கடல் கடந்து வந்த யாரோ சவர்க்காரக் கட்டிகளை அந்தத் தாளில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். சவர்க்காரம் வாங்கிய ஒரு தாய் அந்தத் தாளை வாசித்துவிட்டா. போன கிழமை அதைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்து வைத்தா. அவ என்ன கேட்டா என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நீர் மறந்திருப்பீர். இதை அச்சில் வாசிக்கிற சனத்துக்கும் தெரிய வேண்டும்.

எண்பத்தெட்டாம் ஆண்டின் கடைசியில் நீர் பக்கத்துத் தீவுக்கு ஒரு கலியாணத்துக்கு வந்தீர். செய்மதிப் படங்களோடு வேலை செய்கிற பெரிய உத்தியோகத்தர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு எங்கள் அதிபர் சைக்கிளில் போய் உம்மைக் கேட்டார். நீர் வந்தீர். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், அன்றே சொல்லியும் விட்டேன். பத்தாம் ஆண்டு வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். நீர் சுருட்டிக் கொண்டுவந்த படத்தை விரித்துக் கரும்பலகையில் மாட்டினீர். இரண்டடி நீளம், இரண்டடி அகலம். வட பகுதி முழுவதும், அதற்கு மேற்கே சிதறிக் கிடக்கிற எங்கள் தீவுகளும்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தார்கள். கடல் கறுப்பாய்க் கிடந்தது. மணல் வெள்ளையாய்க் கிடந்தது. பனங்காடு இருக்கிற இடமெல்லாம் சிவப்பு.

"என்ன சேர், பனையெல்லாம் நெருப்புப் பிடிச்சிட்டுதோ?" என்று ஒருத்தன் கேட்டான்.

வகுப்பு சிரித்தது. நீரும் சிரித்தீர். பச்சை இலை எங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அதைப் படத்தில் சிவப்பாகப் போடுகிறார்கள் என்று விளக்கினீர். உயிரோடிருக்கிற பச்சை சிவக்கும், காய்ந்தது சிவக்காது என்றீர். நல்லாய்த்தான் படிப்பித்தீர். அதை நான் மறுக்க மாட்டேன். நீர் சொன்ன அந்த வசனத்தை நான் அப்படியே கொப்பியில் எழுதினேன். அதுதான் இப்போது உம்மைப் பிடித்துத் தந்திருக்கிறது.

"எங்கட வீடு தெரியுமோ சேர்?"

"வீடு தெரியாது. இந்தப் படம் சின்னச் சின்னக் கட்டங்களால ஆனது. ஒரு கட்டம் எண்பது மீற்றர். அதைவிடச் சின்னது தனியாத் தெரியாது."

அப்போதுதான் அவள் எழும்பினாள். கடைசி வரிசை வாங்கில் இருக்கிற பிள்ளை. கடற்கரைப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். ஆங்கிலம் ஏறாது. கணக்கென்றால் என்னை விடக் கெட்டி. "அப்ப எண்பது மீற்றரை விடப் பெரிசா நாங்கள் ஒண்டைச் செய்து வைச்சால்?" என்று கேட்டாள்.

நீர் கொஞ்சம் திகைத்தீர். பிறகு பலமாகச் சிரித்தீர். "செய்யும். செய்துபோட்டு எனக்கு எழுதும். அந்த நாள் படத்தை நான் எடுத்துத் தாறன்" என்றீர். உமது சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, செய்மதி எங்களுக்கு மேலால் போகும் திகதிகளை ஒரு தாளில் எழுதினீர். பதினாறு நாளைக்கு ஒரு தரம், காலை ஒன்பதரை மணியளவில். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. உமது கையெழுத்து.

நீர் விளையாட்டாய்ச் சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் விளையாட்டாய் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஆய்வுகூடம் என்று ஒரு அலுமாரியும் அதற்குள் இரண்டு உடைந்த தராசும் வைத்துக்கொண்டு படிப்பித்தவள். முதல்முறையாக என் பிள்ளைகள் உலகத்திலுள்ள ஒரு பெரிய கருவிக்குத் தங்கள் கையால் ஒன்றைக் காட்டப்போகிறார்கள். பைத்தியம் பிடித்தது போல இருந்தேன்.

எதைப் போடுவது? சுண்ணாம்பு என்றான் ஒருவன். அவ்வளவு சுண்ணாம்புக்கு எங்கே போவது? தென்னோலைக் கிடுகு என்றாள் ஒருத்தி. அதே கதைதான். பிறகு அவளே சொன்னாள்.

"ரீச்சர், சாட்டிக் கடற்கரை மணல் வெள்ளை. சாதாழை கறுப்பு. காசு குடுக்கத் தேவையில்லை. கடல் சும்மா தருது."

எங்கள் ஊரார் அல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். வாடைக் காற்றுக்குக் கடல் தன் அடியில் வளர்ந்த புல்லையும் பாசியையும் பிடுங்கிக் கரையில் எறியும். அதுதான் சாதாழை. கமக்காரர் அதை அள்ளிக் குவித்து, மழையில் உப்புக் கழுவுப்பட விட்டு, தென்னைக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் எருவாகத் தாழ்ப்பார்கள். கரையில் யார் குவித்தாரோ அவருக்குத்தான் அந்தக் குவியல் சொந்தம். எழுதாத சட்டம். அதற்காக வெட்டுக்குத்து வரை போயிருக்கிறார்கள்.

அந்த வருஷம் சாட்டிப் பக்கம் குவிந்து கிடந்ததில் பாதி என் குஞ்சியப்புவுடையது. என் தகப்பனின் தம்பி. நாங்கள் போய் முதல் குவியலில் கைவைத்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, வண்டிலில் வந்து இறங்கினார்.

"ஆரைக் கேட்டு அள்ளுறியள்?"

"குஞ்சியப்பு, இது விஞ்ஞானப் பாடம்."

"என்ர எருவில என்ன விஞ்ஞானம்?"

நான் விளங்கப்படுத்தினேன். செய்மதி, எண்பது மீற்றர், ஒன்பதரை மணி. அவர் தலையைச் சரித்து வானத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார்.

"விளங்குது. மேலால போறவனுக்குப் பாய் விரிக்கிறியள். அவன் இறங்கி வந்து படுப்பானோ?"

"படுக்க மாட்டான், பாத்திட்டுப் போவான்" என்றாள் அவள்.

"நீ ஆற்ற பிள்ளை?"

அவள் தகப்பனின் தொழிலைச் சொன்னாள். குஞ்சியப்புவின் முகம் ஒரு மாதிரிப் போனது. "கடல்காரருக்கு ஏன் எருவைப் பற்றிக் கதை?" என்றார். அவள் விடவில்லை. "கடல் தந்ததை நாங்கள் அள்ளேல்லை எண்டபடியால்தான் நீங்கள் அள்ளுறியள்" என்றாள். எங்கள் ஆட்களின் முகத்துக்கு நேரே கடற்கரைப் பிள்ளை ஒன்று அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. குஞ்சியப்பு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"வாய்க்காரி. சரி, விரியுங்கோ. உங்கட ஆள் பாத்து முடிஞ்ச அண்டைக்கே எல்லாம் என்ர தோட்டத்துக்கு ஏறவேணும். ஒரு கூடையும் குறையப்படாது."

ஏற்றுவதற்கு வண்டிலையும் மாட்டையும் தானே தந்தார். பதினாறு நாள், பள்ளிக்கூடம் விட்ட பிறகு அந்த வேலை. வெறுங்கையால், பனையோலைக் கடகத்தால், வாரும் தடியால் இழுத்து விரித்தோம். நாற்றம் உடுப்பில் ஒட்டி வீட்டுக்கும் வந்தது. இரண்டு தாய்மார் அதிபரிடம் முறைப்பாடு வைத்தார்கள். கமக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் கடற்கரைப் பிள்ளைகளும் ஒரே கடகத்தின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தூக்கியதுதான் அந்த முறைப்பாட்டின் உண்மையான காரணம். நாற்றம் சாட்டு. அதிபர் காதில் போடாமல் விட்டார். அந்த மனிசனுக்கு இன்றைக்கும் என் மரியாதை உண்டு.

நூற்றறுபது மீற்றர் போட்டால்தான் ஒரு கட்டமாவது முழுதாய் உள்ளே விழும் என்று நான் கணக்குக் காட்டினேன். அவ்வளவு சாதாழை இல்லை. நூறு மீற்றர் என்று முடிவு எடுத்தோம். அவள் தகப்பனின் வலைக் கயிற்றைக் கொண்டுவந்தாள். கடலில் மீற்றர் கிடையாது, கையை விரித்துப் பாகத்தால்தான் அளப்பார்கள். தகப்பனைக் கை விரிக்கச் சொல்லி, பாடசாலை மீற்றர்த் தடியால் அவருடைய பாகம் எவ்வளவு என்று முதலில் அளந்துகொண்டு வந்திருந்தாள். மூன்று பாகம், நாலு பாகம், ஐந்து பாகம் என்று கயிற்றில் முடிச்சுப் போட்டு, மூன்று பேரை மூலைக்கு மூலை இழுத்துப் பிடிக்க வைத்து, செங்கோணத்தை மணலில் நிறுத்தினாள். செங்கோண முக்கோணத் தேற்றத்தை நான் வெண்கட்டியால் கீறிக் கீறிப் படிப்பித்து இரண்டு வருஷம். அன்றைக்குத்தான் வகுப்புக்கு அது விளங்கியது.

வேலையின் நடுவில் பிள்ளைகளுக்குள் சண்டை வந்தது. படத்தில் எங்கள் சதுரம் சிவப்பாய் வருமா, கறுப்பாய் வருமா? பச்சைப் பாசிதானே, சிவப்பு என்றார்கள் சிலர். "செத்து எத்தினை நாள்? சேர் சொன்னவர் எல்லே, காய்ஞ்சது சிவக்காது எண்டு" என்றாள் அவள். ஒரு கைப்பிடியை எடுத்துக் காட்டினாள். கறுத்து, சுருண்டு, கயிறு மாதிரி இருந்தது. கறுப்பு என்று வகுப்பு ஒத்துக்கொண்டது. இதை நினைவில் வைத்திரும்.

இன்னொரு நாள், களைத்துப்போய் மணலில் இருந்தபோது கேட்டாள்.

"ரீச்சர், ஆக்கள் தெரிய வேணுமெண்டால் எத்தினை பேர் நிக்கவேணும்?"

"நீரே செய்து பாரும்."

விரலால் மணலில் எழுதினாள். எண்பதை எண்பதால் பெருக்கினாள். சதுர மீற்றருக்கு இரண்டு பேர் என்று வைத்தாள். "பன்னீராயிரத்து எண்ணூறு பேர் ரீச்சர். தீவில உள்ள சனம் முழுக்க வந்து முட்டிக்கொண்டு நிண்டால் ஒரு கட்டம்."

"ஓம், ஒரு புள்ளி."

"அவ்வளவுதானோ நாங்கள்?" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

நாள் வந்தது. எண்பத்தொன்பது மாசி. வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. எட்டு மணிக்கு ஒரு முகில் வந்து கிழக்கே நின்றது. பிள்ளைகள் அதைப் பார்த்து, இங்கே எழுத முடியாத சொல்லால் ஏசினார்கள். நான் கேளாதது போல நின்றேன். முகில் போய்விட்டது.

முப்பத்தொரு பேரும் வெள்ளைச் சீருடையோடு போய்ச் சதுரத்தின் நடுவில் வரிசையாய் நின்றார்கள். யாரும் சொல்லவில்லை. தாங்களாகவே போய் நின்றார்கள். தெரியமாட்டோம் என்று தெரிந்துகொண்டும் நின்றார்கள். நான் கத்தினேன். "வெளியில வாங்கோ! உங்கட வெள்ளை கறுப்பைக் கெடுத்துப்போடும்!" எல்லாரையும் துரத்தி ஓரத்தில் விட்டேன். முப்பத்தொரு பிள்ளைகளின் வெள்ளை அவ்வளவு பெரிய கறுப்பில் ஒரு தூசிக்கும் காணாது. இதைக் கணக்குப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். நான் பார்க்கவில்லை. ஆசையாய் நின்ற பிள்ளைகளைத் துரத்தினேன். என் வாழ்க்கையில் நான் செய்த பிழைகளுக்குள் அது ஒன்று.

ஒன்பதரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் காற்று எழும்பி மேற்கு மூலையைப் பிரட்டியது. வெள்ளை மணல் தெரிந்தது. அவள் வாரும் தடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். "வாரும் வெளியில!" என்று நான் கத்தினேன். "இந்தா முடிஞ்சுது ரீச்சர்!" என்று அங்கிருந்து கத்தினாள். என் கைக்கடிகாரத்தில் ஒன்பதரை ஆனபோது அவள் சதுரத்துக்குள்தான் நின்றாள். குனிந்து சாதாழையை இழுத்துக்கொண்டு நின்றாள். பிறகு நிமிர்ந்து, வானத்தைப் பார்த்து, கையை ஒரு தரம் ஆட்டினாள். வகுப்பு கைதட்டியது.

மத்தியானம் ஒரு ஹெலி வந்து சதுரத்துக்கு மேலே இரண்டு தரம் சுற்றியது. "பாத்திட்டாங்கள்!" என்று பிள்ளைகள் குதித்தார்கள். ஊரில் இந்திய ஆமி இருந்த காலம். மணலில் பெரிய கறுப்புச் சதுரத்தைக் கண்டு அவன் என்ன நினைப்பானோ? "பாயைச் சுருட்டுங்கோ, பாயைச் சுருட்டுங்கோ" என்று குஞ்சியப்பு வண்டிலோடு ஓடி வந்தார். பொழுதுபடுவதற்குள் மணல் வெறுமையாகிவிட்டது. குஞ்சியப்புவின் தென்னைகள் அந்த வருஷம் நன்றாய்க் காய்த்தன. எங்கள் பதினாறு நாள் உழைப்பில் கைக்கு வந்த பலன் அது ஒன்றுதான்.

உமக்குப் பதிவுத் தபாலில் எழுதினோம். முப்பத்தொரு பேரும் கையெழுத்து வைத்தார்கள். வைகாசியில் உமது பதில் வந்தது. "உங்கள் சதுரம் படத்தில் வந்திருக்கிறது. படம் பெரிது, தபாலில் மடிந்துவிடும். ஆள் கிடைத்ததும் கொடுத்தனுப்புகிறேன்." அவ்வளவும் உமது வசனம். ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. வகுப்பில் உரத்து வாசித்தேன். அவர்கள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ரீச்சர் பிரம்போடு வந்தா. அன்றைக்கே பிள்ளைகள் சுவரில் இடம் பார்த்து, இரண்டடிக்கு இரண்டடி அளந்து, நாலு ஆணி அடித்தார்கள். படம் வந்ததும் மாட்டுவதற்கு.

ஆணிகள் ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா இருந்தன. நான் உமக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பதினோராம் ஆண்டுக்குப் போன பிறகும் பிள்ளைகள் வந்து வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். "ஆள் கிடைக்கேல்லையாமோ ரீச்சர்?" என்று ஒருத்தன் நக்கலடிப்பான். அவள் நக்கலடிக்கவில்லை. "பெரிய இடத்து மனிசர், வேலை இருக்கும்" என்று உமக்காகக் கதைத்தாள். அது உமக்குத் தெரிய வேண்டும்.

தொண்ணூறு ஆவணியில் இலங்கை ஆமி தீவுகளுக்குள் இறங்கியது. நாங்கள் உடுத்த உடுப்போடு ஓடினோம். யாழ்ப்பாணத்துக்குப் போகிற பண்ணைப் பாலத்தால் போக ஏலாது, அந்தப் பக்கம் கோட்டையில் சண்டை. மண்டைதீவுக் கரையில் சனம் வந்து குவிந்தது. வேலணை, புங்குடுதீவு, அல்லைப்பிட்டி என்று எல்லா இடத்துச் சனமும். வள்ளத்துக்காகக் கழுத்தளவு சனத்துக்குள் நின்றோம். குழந்தைகள் அழுதன. நிலம் தெரியவில்லை. அந்த நெருக்கத்துக்குள் யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினேன். அவள். தாயும் பக்கத்தில்.

"ரீச்சர், எல்லாரும் வந்திட்டம். இப்ப ஒரு கட்டம் நிறைஞ்சிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை.  

தாயும் அவளும் எனக்கு முந்திய வள்ளத்தில் ஏறினார்கள். பாதிக் கடலில் போகையில் ஹெலி வந்தது. பதிவாக, தாழ வந்தது. சுட்டது. மேலேயிருந்து பார்த்தால் மனிசர் தெரியாது என்று நான் படிப்பித்தேன். அது செய்மதிக்கு. ஹெலிக்கு ஒவ்வொரு தலையும் தெரியும். வெள்ளைத் துணி காட்டினார்கள், அதுவும் தெரிந்திருக்கும். அவளுக்குப் பதினேழு வயது. அடுத்த கரையில் இறக்கும்போது உயிர் இல்லை. கரைக்குக் கிட்டவுள்ள ஒரு வேதக் கோயிலின் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே தாட்டோம். எங்கள் வகுப்பின் முப்பத்தொரு பேரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தவர்கள் ஏழு பேர்.

இனி அந்தத் தாய், அவளைப் பெற்றவ. யாழ்ப்பாணத்தில் ஒரு கொட்டிலில் புருஷனோடும் சின்ன மகளோடும் இருக்கிறா. மகளின் படம் ஒன்றும் அவவிடம் இல்லை. வேதக் கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது எடுத்த ஒரே படம் ட்றங்குப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி வீட்டில், வீடு இப்போது எங்களால் போக முடியாத இடத்தில். நிற்கிறதோ இல்லையோ. தொண்ணூறு முடியமுன் ஒரு நாள் என்னைத் தேடி வந்தா.

"ரீச்சர், செய்மதிக்காரர் அந்தப் படத்தை அனுப்பினவரோ?"

"இன்னும் இல்லை அம்மா."

"அவள் சொன்னவள், படம் எடுக்கேக்க தான் மட்டும்தான் உள்ளுக்கு நிண்டனான் எண்டு. கையும் காட்டினவளாம்."

ஒரு கட்டம் எண்பது மீற்றர் அம்மா, ஒரு பிள்ளை அதில் தெரியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் சொல்லியிருக்க வேண்டும். அவவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு வாய் வரவில்லை. "ஓம், நிண்டவள்" என்றேன். அது பொய்யில்லை. "படம் வரும்" என்றேன். அது பொய். நாலரை வருஷமாக அந்தப் பொய்யைச் சொல்லிவருகிறேன். சந்தையில் கண்டால் கேட்பா, கோயிலடியில் கண்டால் கேட்பா. வரும், வரும் என்று சொல்லுவேன்.

போன கிழமை உமது கட்டுரையோடு வந்தா. கதிரை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை.

"அனுப்பினவராமே, ரீச்சர்? அச்சில கிடக்கு. ஆர் வாங்கினது?"

"எனக்கு வரேல்லை அம்மா."

"பெரிய மனிசர் பேப்பரில பொய் எழுதுவினமோ?" என்றா. பிறகு மெல்லிய குரலில், "நீங்கள் வைச்சிருந்தால் வைச்சிருங்கோ. நான் கொண்டுபோக மாட்டன். ஒருக்காப் பாத்திட்டுத் தாறன்" என்றா.

நான் படத்தை ஒளித்து வைத்திருக்கிறேன் என்று அவ நினைக்கிறா. பெட்டியைத் திறந்து காட்டினேன். அலுமாரியைத் திறந்தேன். மேசை லாச்சியை இழுத்துக் கொட்டினேன். உமது திகதித் தாள் விழுந்தது, உமது கடிதம் விழுந்தது. அவ பார்த்துவிட்டுப் போய்விட்டா. நேற்றுச் சந்தையில் கண்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டா.

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உமது கட்டுரையைப் பத்துத் தரம் வாசித்தேன். "செய்மதிப் படத்தில் செந்நிறச் சதுரமாக அது பளிச்சிட்டது" என்று எழுதியிருக்கிறீர். செந்நிறமாம். கரையில் கிடந்து பல நாள் காய்ந்து கறுத்த சாதாழை எப்படிச் சிவக்கும்? காய்ந்தது சிவக்காது என்று எங்களுக்குப் படிப்பித்தது நீரே. கடைசி வாங்கில் இருந்த பிள்ளைக்கு அது விளங்கியிருந்தது. நீர் அந்தப் படத்தைக் காணவில்லை. கேட்டு எழுதவுமில்லை என்று நான் நினைக்கிறேன். எங்கள் கடிதம் வந்ததும், சும்மா ஒரு பதிலைப் போட்டு வாயை அடைத்தீர். ஆறு வருஷம் கழித்துக் கட்டுரை எழுத ஒரு நல்ல கதை தேவைப்பட்டபோது எங்களை எடுத்துப் பாவித்தீர். அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே என்று கேட்க உமக்குத் தோன்றவில்லை.

நான் பிழையாக இருக்கலாம். இருந்தால் படத்தை எடுத்து அதே பத்திரிகையில் போடும். சிவப்போ கறுப்போ, நான் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தத் தாயிடம் கொண்டுபோய், இந்தப் புள்ளிக்குள்தான் உங்கள் பிள்ளை நிற்கிறாள், ஆனால் அவளைக் கண்ணால் காண முடியாது என்று, நான் சொல்லாமல் விட்ட உண்மையையும் சொல்கிறேன். என் பொய்யை நான் இதிலே ஒத்துக்கொண்டுவிட்டேன். அச்சில், சனம் வாசிக்க.

இனி உமது முறை. செய்மதி அன்றைக்கு எங்களுக்கு மேலால் போனது. அது படம் எடுத்திருந்தால் அந்தப் படம் எங்கேயோ ஒரு இடத்தில் கிடக்கும். நீர் கேட்டு வாங்கியிருந்தால் யார் கையில் கொடுத்தனுப்பினீர் என்று சொல்லும். கேட்கவே இல்லையென்றால் கேட்கவில்லை என்று சொல்லும், எங்கே எழுதிக் கேட்பது என்றும் சொல்லும், நான் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் போடாதேயும். அது எனக்கு வேண்டாம். அந்தத் தாய் அச்சில் வந்ததைத்தான் நம்புகிறா. அதே பத்திரிகையில், அதே ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில், உமது படத்தையும் பெயரையும் போட்டு, அந்தப் படம் ரீச்சரிடம் இல்லை என்று எழுதும்.

எழுதுவீரா? பதில் சொல்லும்.